மலைப்பாதைச் செய்தியை நம்பலாமா? இணையத் தகவலை எடைபோட ஒரு வழிகாட்டி

நீலகிரியில் மழை வலுக்கும் நாளில் கைப்பேசிக்கு வந்துசேரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகை: ஒன்று பாதை பற்றியது, மற்றொன்று பள்ளி விடுமுறை பற்றியது. பர்லியார் அருகே மண் சரிந்துவிட்டது, நாடுகாணியில் மரம் விழுந்துவிட்டது, நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, மலை ரயில் ரத்து என்று அவை அடுத்தடுத்து வருகின்றன. இவற்றில் பல உண்மையானவை. சில சென்ற ஆண்டு உண்மையாக இருந்தவை. இன்னும் சில வேறொரு மலையில் உண்மையாக நடந்தவை. முழுக்க முழுக்கப் புனைந்த பொய் மலைப்பகுதிக் குழுக்களில் அரிதாகவே வருகிறது என்றும், இடம் மாறியும் நாள் மாறியும் வரும் மெய்தான் அதிகத் தொல்லை தருகிறது என்றும் நான் கருதுகிறேன். ஆகையால், "இது உண்மையா, பொய்யா?" என்று மட்டும் கேட்பவர் ஏமாற வாய்ப்புண்டு. "இது எந்த இடத்தில், எந்த நாளில் உண்மை? இதற்கு யார் பொறுப்பேற்கிறார்?" என்று கேட்பவருக்கு விடை விரைவில் கிடைக்கும். அப்படிக் கேட்பது எவ்வாறு என்பதை நீலகிரியிலும் பழனி மலைப்பகுதியிலும் வாழ்பவர்களுக்காகவும், அங்கே வரத் திட்டமிடுபவர்களுக்காகவும் இங்கே விளக்குகிறேன்.

நாம் எதைக் கண்டு நம்புகிறோம்

முதலில் நம்முடைய பழக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் தலைமையிலான குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 2,600-க்கும் மேற்பட்டோர் பலவகை வலைத்தளங்களைப் பார்த்து, அவை நம்பத்தக்கவையா என்பது குறித்துத் தம் கருத்துகளை எழுதினர். அக்கருத்துகளில் சுமார் 46 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியே பேசின. எழுதியவர் யார், தகவல் சரியா என்பவை அதற்குப் பின்னரே வந்தன. அன்றைய வலைத்தளத்தின் இடத்தில் இன்று நியூஸ் கார்டு இருக்கிறது. ஒரு தொலைக்காட்சியின் சின்னமும், சிவப்புப் பட்டையும், பெரிய எழுத்தும் இருந்தால் போதும், கேள்வி கேட்கும் எண்ணம் தணிந்துவிடுகிறது. அந்தச் சின்னத்தை எந்தப் படத்திலும் ஒட்டுவதற்குக் கைப்பேசிச் செயலியே போதும் என்பதை எல்லோரும் அறிவோம், அறிந்தும் நம்புகிறோம்.

அடுத்தது, அனுப்பியவர் மீதுள்ள நம்பிக்கை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஹோவ்லண்டும் வால்டர் வைஸும் 1951-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பலை உருவாக்க முடியுமா என்பது பற்றிய ஒரே கட்டுரையைச் சிலருக்கு இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் எழுதியதாகவும், வேறு சிலருக்குச் சோவியத் நாளேடான பிராவ்தாவில் வந்ததாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். படித்தவுடன் முதல் குழுவினரே அதிகமாக நம்பினர். ஆனால் நான்கு வாரங்கள் கழித்துக் கேட்டபோது இரு குழுக்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருந்தது. சொன்னவர் யார் என்பது நினைவிலிருந்து விலகிவிட, சொன்ன செய்தி மட்டும் தங்கிவிட்டது. நம் குழுக்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: ஹட்டிக் (படுகர் ஊர்) குழுவில் மாமா அனுப்பிய செய்தியை "மாமா சொன்னார்" என்று நினைவில் வைக்கிறோம். மாமா அதைச் சொல்லவில்லை. தபால்காரரைப் போலக் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். அவருடைய நேர்மை அந்தச் செய்தியின் உண்மைக்குச் சான்றாகாது.

மூன்றாவது, திரும்பத் திரும்பக் கேட்பதால் வரும் நம்பிக்கை. ஒரு கூற்றை மறுபடியும் கேட்கும்போது அது உண்மை என்ற எண்ணம் கூடுகிறது என்று 1977-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. அதன் பின் வந்த பல ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. மலை ஊர்களில் இது இரட்டிப்பாக வேலை செய்கிறது. தேயிலை விவசாயிகள் குழு, பெற்றோர் குழு, டாக்ஸி ஸ்டாண்டு குழு, கோயில் கமிட்டிக் குழு என எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். நான்கு குழுக்களில் வந்த செய்தி நான்கு சாட்சிகள் சொன்னதாகாது. வாட்ஸ்அப்பில் பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்புடன் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அந்தச் செய்தி முதலில் எழுதியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்திருக்கிறது என்று பொருள். அது பொய் என்பதற்கு அடையாளமன்று. அதைப் பற்றி விளக்கம் கேட்க வேண்டிய ஆள் உங்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

"பகிர்வதற்கு முன் யோசியுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை யோசிப்பது என்று சொல்லாத அந்த அறிவுரையால் பெரிய பயன் இல்லை. இடத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை.

"ஊட்டி" என்றால் எந்த ஊர்?

சமவெளியில் இருப்பவர்களுக்கு நீலகிரி மாவட்டம் முழுவதும் "ஊட்டி"தான். "ஊட்டியில் நிலச்சரிவு" என்ற தலைப்பு வந்தால், அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட மலைப்பாதையாக இருக்கலாம்; கூடலூருக்கு அப்பாலும் இருக்கலாம். உதகையிலிருந்து கூடலூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இரண்டு இடங்களின் வானமும் வேறு, மண்ணும் வேறு. எனவே, உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு வட்டங்களில் எது என்பதை முதலில் கேளுங்கள். செய்தியில் அந்த விவரம் இல்லையென்றால், அதை எழுதியவர் அந்த இடத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்; மண் சரிவை நேரில் கண்ட ஒருவர் எந்த வளைவு, எந்த எஸ்டேட்டின் கீழ், எந்தப் பாலத்துக்கு அருகில் என்று சொல்லாமல் இருக்க மாட்டார். கொடைக்கானலுக்கும் இதே கேள்விதான். "கொடைக்கானல் சாலை மூடப்பட்டது" என்றால் வத்தலக்குண்டு வழியா, பழனி வழியா, பெரியகுளத்திலிருந்து ஏறும் அடுக்கம் வழியா? ஒன்று மூடியிருக்கும்போது மற்றது திறந்திருக்கலாம்.

இடம் தெரிந்த பிறகு பருவத்தைப் பொருத்திப் பாருங்கள். மலையின் மேற்குச் சரிவிலுள்ள கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி ஆகிய பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழையே பெருமழை. கிழக்குச் சரிவிலுள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் அபாயகரமானது. 2009 நவம்பரில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த நிலச்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டவை குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகள். ஆகவே, ஜூலையில் "கோத்தகிரி வெள்ளத்தில் மிதக்கிறது" என்று ஒரு காணொளி வந்தால், பழைய நவம்பர் ஒன்றின் காட்சியாக இருக்குமோ என்று ஐயப்படுவது நியாயமானது.

ஆனால் இந்த அளவுகோலை ஓர் எல்லைக்கு மேல் நம்பக் கூடாது. நமக்குப் பழக்கமில்லாத செய்தியைக் கண்டவுடன் பொய் என்று தள்ளுவதும் வாசகர்களிடம் உள்ள ஒரு பழக்கமே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய அந்த அளவுதான். எண்ணைப் பார்த்தவுடன் புள்ளி தவறிவிட்டது என்றே எவரும் நினைப்பார். அது உண்மை. நம்ப முடியாத செய்தி கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியது. உடனே தள்ளிவிட வேண்டியதன்று.

மழை எச்சரிக்கை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் என்று வரும் செய்தியில் எந்த நாளுக்கு, எந்த மாவட்டத்துக்கு என்ற இரண்டும் இருக்க வேண்டும். எச்சரிக்கை ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்படுவது என்பதால் நேற்றைய ரெட் அலர்ட் இன்று செல்லாமற்போயிருக்கலாம். நாளைக் குறிப்பிடாமல் "அடுத்த 24 மணி நேரத்தில்" என்று மட்டும் எழுதியிருக்கும் செய்தி எந்த நாளில் படித்தாலும் புதிதாகவே தோன்றும். மழைக்காலக் குழப்பங்களில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

படங்களைப் பார்க்கும் முறை

2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரம் அருகே இராணுவ ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். அன்றே, நடுவானில் ஹெலிகாப்டர் ஒன்று தீப்பற்றி விழும் காணொளி, குன்னூர் விபத்துக் காட்சி என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. அது 2020-இல் சிரியாவில் எடுக்கப்பட்டது. அந்த விபத்து உண்மை, அந்தக் காணொளியும் உண்மை. இரண்டையும் இணைத்த வரி மட்டுமே பொய். பெரிய துயரம் நடந்த முதல் சில மணி நேரத்தில் வரும் காட்சிகளை, பதிவு செய்தவர் யார் என்று தெரியும் வரை, ஒதுக்கி வைப்பதே சரி.

சரிபார்க்கும் முறை எளிது. படமாக இருந்தால், படத்தைக் கொண்டே தேட உதவும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். காணொளியாக இருந்தால், பலகை, கட்டடம், வாகனம் ஏதேனும் தெளிவாகத் தெரியும் நொடியில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ஒட்டப்பட்ட எழுத்துகளை வெட்டிவிட்டு அதைத் தேடுங்கள். கிடைக்கும் முடிவுகளில் அதிகம் பகிரப்பட்டதைப் பார்க்காதீர்கள். மிகப் பழையதைப் பாருங்கள். சென்ற ஆண்டே அந்தப் படம் எங்கேனும் வந்திருந்தால் விவாதம் முடிந்துவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதாலேயே படம் புதியது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வாட்ஸ்அப்பில் மட்டும் சுற்றிய படங்கள் தேடலில் அகப்படுவதில்லை.

படத்துக்குள்ளேயே தேடுவதும் பயன் தரும். வாகனப் பதிவெண் டிஎன் 43 என்றால் நீலகிரி. கடைப் பலகை மலையாளத்தில் மட்டும் இருந்தால் மூணாறு அல்லது வயநாட்டை நினைக்கலாம். ஆனால் கூடலூரிலும் பந்தலூரிலும் மலையாளப் பலகைகள் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். தேயிலைத் தோட்டமும் சில்வர் ஓக் மரமும் எதற்கும் சான்றாகா. வால்பாறையிலும் அவையே இருக்கின்றன.

குளிர்காலத்தில் சுற்றும் "ஊட்டியில் பனிப்பொழிவு" படங்களுக்குத் தனியே ஒரு குறிப்பு தேவை. உதகையில் பெய்வது இமயமலையில் காணும் பனியன்று. இங்கே முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. விடியற்காலையில் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளியும் காய்கறித் தோட்டமும் காரின் மேற்கூரையும் மெல்லிய வெண்படலத்தால் மூடியிருக்கும், வெயில் ஏறியதும் கரைந்துவிடும். மரக்கிளைகள் பனியின் சுமையில் வளைந்து நிற்கும் படம் எதுவாயினும் அது நீலகிரியில் எடுக்கப்பட்டதன்று என்று தயங்காமல் சொல்லலாம். கோடையில் ஆலங்கட்டி மழை பெய்து சாலை வெளுத்துக் கிடக்கும் படங்கள் மட்டும் உண்மையாக இருக்கக்கூடும். வெப்பநிலைச் செய்தியிலும் கவனம் தேவை. "உதகையில் பூஜ்ஜியம் டிகிரி" என்று ஒருவரும், "மூன்று டிகிரி" என்று மற்றொருவரும் எழுதினால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. வானிலைத் துறையினர் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தில், நிழற்பெட்டிக்குள் காற்றின் வெப்பநிலையை அளக்கிறார்கள். புல்லின் மட்டத்தில் அதே நேரத்தில் பல டிகிரி குறைவாக இருக்கும்.

கொடைக்கானலில் இதற்கு இணையானது குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்தது 2030. இடைப்பட்ட ஆண்டுகளிலும் "குறிஞ்சி பூத்தது" என்று செய்தி வருகிறது. அதை உடனே பொய் என்று ஒதுக்கவும் முடியாது, ஏனெனில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறு வேறு கால இடைவெளியில் பூக்கும் குறிஞ்சி வகைகள் பல உள்ளன. அந்தச் செய்தியுடன் மலைச்சரிவு முழுவதும் நீலம் பரவிய படம் இருந்தால்தான் ஐயம் கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் 2018-இல் மூணாறு பக்கம் எடுக்கப்பட்டதாக இருக்கும்.

பக்கத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள்

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் 10 பேர், செய்தி நிறுவனங்களின் தகவல் சரிபார்ப்பாளர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோரிடம் அறிமுகமில்லாத தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். கற்றறிந்த வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்து, அதன் சின்னத்திலும் மொழியிலும் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சற்று நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறு ஜன்னல்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். ஆழ்ந்து படிப்பதே நல்லது என்று பள்ளியில் கற்ற நமக்கு இது சற்றுக் கசப்பான பாடம்.

இதை இ-பாஸ் எனும் இணையவழி அனுமதிச்சீட்டு விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. அரசுத் தளம் என்றால் முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிய வேண்டும் என்று பலர் விதி வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாடு மின் ஆளுமை முகமை தொடக்கத்தில் அறிவித்த முகவரி "ஆர்க்" என்று முடிந்தது. அந்த விதியை மட்டும் நம்பியவர் உண்மையான தளத்தையே போலி என்று தள்ளியிருப்பார். முகவரியின் வாலைப் பார்ப்பதைவிட, மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்துக்குச் சென்று, அங்கே தரப்பட்ட இணைப்பைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. இ-பாஸுக்குப் பணம் கேட்கும் இணைப்பு எதுவாயினும் மூடிவிடுங்கள், அது இலவசம்.

தங்கும் விடுதிக்கும் இதே வழிதான். காட்டேஜின் படங்களை லென்ஸில் தேடி, அதே அறை வேறு பெயரில், வேறு ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் கருத்துகளில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பவற்றைப் படிப்பது என் வழக்கம். பாதை செங்குத்து, வெந்நீர் காலையில் மட்டும், மழையில் சிக்னல் இல்லை என்பன போன்ற, தங்கியவருக்கு மட்டுமே தெரியும் விவரங்கள் அங்கேதான் கிடைக்கும். முழுத்தொகையையும் முன்பணமாகத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் வேண்டாம். பணம் போய்விட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். மசினகுடிக்குக் குறுக்கு வழி என்று ரீல்ஸில் காட்டப்படும் கல்லட்டிப் பாதை 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது, வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். பார்வை எண்ணிக்கை இலட்சத்தைத் தாண்டினாலும் காவலர் திருப்பித்தான் அனுப்புவார்.

எதற்கு யாரைக் கேட்பது

பள்ளி விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். நீலகிரியில் சில வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை விடுவதும் உண்டு. அறிவிப்பின் படம் வந்தால் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா, கையொப்பமிட்டவர் இப்போதைய ஆட்சியர்தானா என்று பாருங்கள். சாலை, மண் சரிவு ஆகியவற்றுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. மலை ரயிலுக்குத் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். அரசின் பெயரில் வரும் அறிவிப்புகளைச் சரிபார்க்கத் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019 முதல் நடத்தும் சரிபார்ப்புப் பிரிவும் இருக்கின்றன. ஓர் அரசாணை போலியா என்று அறிய இவை நன்கு உதவும்; அரசின் மீதான குற்றச்சாட்டை இவை மறுக்கும்போது மட்டும் அதை ஒரு தரப்பின் பதிலாக எடுத்துக்கொண்டு, மற்ற தரப்பையும் தேடுவது முறை.

பச்சைத் தேயிலை விலை பற்றிய செய்திகளில் பொய்யைவிடக் கலப்படமே அதிகம். குன்னூர் ஏலத்தில் விலை போவது தேயிலைத் தூள். விவசாயி விற்பது பச்சை இலை. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை தேவைப்படும் என்பதால், ஏல விலையை இலை விலைபோல எழுதும் செய்தி படிப்பவரைக் கோபப்படுத்தவோ ஆசை காட்டவோ செய்யும். தேயிலை வாரியம் நீலகிரிக்கென மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையுடன் ஒப்பிட்ட பிறகே பேச்சைத் தொடங்குவது நல்லது. விலைச் செய்தியில் எந்த மாதம் என்று இல்லையென்றால் அது விலைச் செய்தியே அன்று.

சிறுத்தை, யானை பற்றிய இரவுக்காட்சிகளுக்குச் சுருக்கமான விடைதான் இருக்கிறது: தெருவில் அடையாளம் காணக்கூடிய ஒரு வீடோ கடையோ தெரியவில்லை என்றால் அதை வைத்து ஊரை நிர்ணயிக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுக் காணொளிகள் பெருகிவிட்ட நிலையில் விலங்கின் தோற்றத்தை ஆராய்வதில் பயனில்லை. வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் போயிருக்கிறதா என்று கேளுங்கள். எனினும் நடந்துபோகும் வழியில் சிறுத்தை என்று வந்தால், சரிபார்த்து முடிக்கும் வரை அந்த வழியைத் தவிர்ப்பதில் நட்டமொன்றும் இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கையை நம்புவதற்கும் அதைப் பிறருக்குப் பரப்புவதற்கும் வெவ்வேறு அளவுகோல்கள் வேண்டும்.

குழுவில் திருத்துவதும் எழுதுவதும்

தவறான செய்தி எந்தக் குழுவில் வந்ததோ, திருத்தமும் அதே குழுவில் போக வேண்டும். ஆனால் அனுப்பியவர் பெரியவராக இருந்தால் முதலில் அவருக்குத் தனியே எழுதி, "பெரியப்பா, இந்தப் படம் போன வருஷத்தது போலிருக்கிறது, நீங்களே குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்" என்று கேட்பது மேல். அவரே திருத்தினால் அதற்குள்ள மதிப்பு நாம் திருத்தினால் வராது. திருத்தத்தைப் பொய்யிலிருந்து தொடங்காமல் உண்மையிலிருந்து தொடங்குங்கள். "பாதை மூடப்பட்டது என்பது வதந்தி" என்று எழுதினால் அவசரமாகப் படிப்பவர் மனத்தில் மூடப்பட்டது என்பதே நிற்கும். "காலை ஏழு மணிக்குக் கோத்தகிரிப் பேருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தது, பாதை திறந்திருக்கிறது" என்று எழுதுவது நல்லது. அட்மினாக இருப்பவர் அந்தத் தவறான செய்தியை எல்லோருக்கும் நீக்கிவிடலாம். வாட்ஸ்அப் அந்த வசதியைத் தந்திருக்கிறது.

நீங்களே சாலையில் நின்று செய்தி எழுத நேர்ந்தால், மைல்கல்லையோ வளைவின் எண்ணையோ, தேதியையும் மணியையும், நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்பதையும் எழுதுங்கள். படத்தின் மேலேயே தேதியை எழுதிவிட்டால் அடுத்த ஆண்டு அதை எவரும் புதிது என்று பகிர முடியாது. மண் அள்ளப்பட்டு வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அதே செய்திக்குப் பதிலாக "பாதை திறந்துவிட்டது" என்று மணியுடன் எழுதிவிட்டு, முதலில் போட்டதை நீக்கிவிடுங்கள்.